கூடப் பிறந்தது

ஜூன் 4, செவ்வாய்

மதுரைக்குப் போய்வந்தோம். விடியுமுன் கிளம்பியதில் ஊறவைத்த உளுந்தை மறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் நுரைத்துக் கிடந்தது. அப்படியே கொட்டினேன்.

டாக்டர் அருள்ஜோதி எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்தார். "டயாலிசிஸ்லயே எவ்வளவு நாள் ஓட்டுவீங்க? ஐம்பத்திரண்டு வயசுதான். மாற்றுக் கிட்னி வச்சுக்கிறதுதான் நல்லது" என்றார். இவருடைய கிட்னியைத் தின்று தீர்த்தது சுகர். மாமனாருக்கும் சுகர்தான், காலை எடுத்தார்கள். மாமியாருக்கும் சுகர். பெண் பார்க்க வந்தபோது அதை மறைக்கவில்லை. "எங்க வீட்டுக் கல்யாணத்துக்குச் சீனி தனியா வாங்க வேண்டாம்" என்று மாமனாரே சொல்லிச் சிரித்தார். எங்கள் வீட்டிலும் எல்லோரும் சிரித்தோம்.

"கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல மேடம்" என்றார் இவர்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க ரத்தம் என்ன குரூப்?"

நித்யா பிறந்தபோது பார்த்தது, ஞாபகமில்லை என்றேன். கார் ஏசி வேறு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து தலைவலி.

திரும்பும்போது சாத்தூர் தாண்டியதும், "செண்பகம் இருக்காளே" என்றேன். நினைவுபடுத்தினேன், அவ்வளவுதான். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

செண்பகவல்லி இவருடைய ஒரே தங்கை. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நல்ல நிறம், நீளமான முடி. அடுத்த இரண்டு வருஷத்தில் ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். நான் போடும் சோற்றில் மருந்து கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டாள். மனச்சிதைவு என்று பேர் சொன்னார்கள். மாமியார் இருக்கும்வரை பின்கட்டு அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு நான் ஒருத்தி என்ன செய்வேன்? திருமங்கலம் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹோமில் சேர்த்தோம். இருபத்தொரு வருஷமாகிறது. அப்போது நித்யாவுக்கு இரண்டு வயது. யாராவது கேட்டால் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள் என்று சொல்வது வழக்கம். நித்யாவுக்கு வரன் பார்க்க வேண்டிய வீடு இது.

நித்யா பெங்களூரிலிருந்து பேசினாள். "அப்பாவுக்கு நான் தர்றேன்மா" என்றாள். வாயைக் கழுவு என்று சொல்லி போனை வைத்தேன்.

புடலங்காய் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கூட்டு. இவருக்கு எந்தக் காயையும் அப்படித்தான் செய்ய வேண்டும். ருசி எல்லாம் அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது.

ஜூன் 9, ஞாயிறு

ஹோமுக்குப் போனோம். ஆப்பிளும் ரஸ்கும் வாங்கிக்கொண்டேன். பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் புஷ்பராணிக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. இவர் பெயரைச் சொன்னதும், "ஆவுடையப்பனா? மணியார்டர் அனுப்புவீங்களே, அவரா?" என்றார். என்ன அர்த்தத்தில் கேட்டாரோ.

செண்பகம் மிகவும் பருத்துவிட்டாள். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். கை லேசாக நடுங்குகிறது, வாய் எதையோ மென்றுகொண்டே இருக்கிறது. இவரைப் பார்த்ததும் நின்றாள். கிட்டே வந்து இடது கையில் டயாலிசிஸுக்காகப் புடைத்திருக்கும் நரம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன அண்ணே இது, உள்ள வண்டு மாதிரி இரையுது?"

"ஊசி போடுத இடம் தாயி."

"அண்ணன் உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க" என்றேன் நான். எதற்கு, என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. ஓடிப்போய் இரண்டு நைட்டியையும் ஒரு சீப்பையும் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

சிஸ்டர் மாத்திரைகளைக் கொடுத்து வேளை சொன்னார். "ராத்திரி மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்கம்மா. இவ்வளவு நாள் அதுலதான் நல்லா இருக்கா." தலையாட்டினேன்.

ஜூன் 12, புதன்

செண்பகத்துக்கு மாடி அறை. புதுச் சேலை இரண்டு, ரவிக்கை அளவு எடுத்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். கோயமுத்தூரிலிருந்து லீவில் வந்திருக்கிறாள் என்றேன்.

தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு செம்பு காலியானதும் அடுத்த செம்பு. அப்புறம் பாத்ரூம், திரும்ப வந்து மறுபடியும் செம்பு. ஹோமில் தண்ணீருக்குப் பஞ்சமோ என்னவோ. இவருக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான் கணக்கு. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து அவள் மடக்மடக்கென்று குடிப்பதை இவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாக்கால் உதட்டை நனைத்துக்கொள்கிறார். அவளை உள்ளே போய்க் குடிக்கச் சொன்னேன்.

"இருக்கட்டும். குடிக்கட்டும்" என்றார்.

ஜூன் 14, வெள்ளி

சிலிண்டர் வந்தது. ரத்தப் பிரிவு பார்த்தோம். இவருக்கும் செண்பகத்துக்கும் பி பாசிட்டிவ். செண்பகவல்லியம்மன் கோவிலில் அர்ச்சனை செய்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

எத்தனை சொல்லியும் பகலெல்லாம் தூங்கி வழிகிறாள். இப்படி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கிட்னி கொடுக்கிறவர்களிடம் மனநல டாக்டரும் பேசிப் பார்ப்பாராம். அதனால் ராத்திரி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். அவளுக்கே தெம்பாக இருக்கும். இவரிடம் சொல்லவில்லை. டயாலிசிஸ் முடிந்து சுருண்டு படுத்திருக்கிற மனுஷனிடம் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மத்தியானம் அவளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். அண்ணனுக்குக் கிட்னி போய்விட்டது, உன்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றைக் கொடுத்தால் அண்ணன் பிழைப்பார்.

புதுச் சேலையின் முந்தானையை இழுத்துப் பார்த்தாள். "அதான் சேலையா?" என்றாள்.

கொடியிலிருந்து எடுத்த துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"கொடுக்கேன் மைனி. எனக்கு ஒண்ணு என்னத்துக்கு ரெண்டு என்னத்துக்கு. ஆனா அண்ணன் கேக்கட்டும்."

"அண்ணன் எப்படிம்மா வாயைத் திறந்து கேப்பாங்க?"

"கேக்கட்டும்" என்றாள் மறுபடியும்.

ஜூன் 19, புதன்

இவர் கேட்டாரா என்று தெரியாது. காலையில் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். காபி கொண்டுபோனபோது செண்பகம் இவர் கையைக் காதில் வைத்து அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் காபியில் சீனி போட்டாயா என்று கேட்டார். இருபது வருஷமாக யார் போடுகிறார்கள் சீனி?

ஜூன் 24, திங்கள்

கேள்வி பதில் சொல்லிக் கொடுத்தேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். எங்கே இருந்தீர்கள் என்றால் கோயமுத்தூர். வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா என்றால் இல்லை. இதெல்லாம் பொய் என்று பார்த்தால் உலகத்தில் ஒரு காரியமும் நடக்காது.

"கோயமுத்தூர்ல எந்தத் தெரு மைனி?" என்றாள். அவ்வளவு தூரம் நான் யோசிக்கவில்லை.

இரண்டு நாளாக அவளுக்குத் தூக்கமில்லை. காலையில் நான் எழுந்து போனால் அடுக்களையை முழுக்கக் கழுவி, டப்பாக்களை எல்லாம் இறக்கி வைத்திருக்கிறாள். மிளகாய்த் தூளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றாள். பருப்பு டப்பாவோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். மதுரைப் பரிசோதனைக்கு இன்னும் மூன்று நாள், அதுவரை தாங்கினால் போதும்.

ஜூன் 27, வியாழன்

எழுதத் தோன்றவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை வெறும் வயிற்றில் செண்பகத்துக்கு ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் டாக்டர் அருள்ஜோதி மூன்று பேரையும் கூப்பிட்டார். சர்க்கரை இருநூற்று அறுபத்தெட்டு.

"இவங்களுக்குச் சுகர் இருக்கு. இன்னைக்கு நேத்து வந்ததாத் தெரியல. யாரும் பாக்கவே இல்லையா? தண்ணி நிறைய குடிப்பாங்களே?"

இவர் என்னைப் பார்த்தார்.

"சுகர் இருக்கறவங்ககிட்ட கிட்னி எடுக்க மாட்டோம்" என்றார் டாக்டர். பிறகு செண்பகத்தின் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

நான் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.

"அவங்களைக் கேட்டேன்."

செண்பகம் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி நின்றாள். மாத்திரைகளின் பெயரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்புறம், "ராத்திரி மாத்திரையை மைனி பாதியாக்கிட்டாங்க. அதுல இருந்து பழைய சத்தம் கேக்குது டாக்டரம்மா. முன்ன மாதிரி பெருசா இல்ல. பக்கத்து வீட்டு டி.வி. மாதிரி" என்றாள்.

அந்த அறையில் ஏசி போட்டிருந்தும் எனக்கு வேர்த்தது.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னார். இவரிடம் கேட்டார், வீட்டில் யார் யாருக்குச் சுகர், யாருக்கு மனசு சம்பந்தமான தொந்தரவு என்று. அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோருக்கும் சுகர், மனநோய் தங்கைக்கு மட்டும்தான் என்றார் இவர்.

"அம்மா எப்படி இருப்பாங்க?"

"அம்மா சில சமயம் சுவரைப் பாத்துப் படுத்துக்கிடுவாங்க. மாசக்கணக்குல. குளிக்க மாட்டாங்க, பேச மாட்டாங்க. சுகர் அசதின்னு சொல்லுவாங்க."

"அசதியாவும் இருக்கலாம். அது மட்டுமான்னு இப்போ சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "இந்த மாத்திரைகள்ல சிலது சுகரை ஏத்தும், அது உண்மை. ஆனா பழியை எல்லாம் மாத்திரை மேல போட முடியாது. மனச்சிதைவு இருக்கறவங்களோட அப்பா அம்மா, அண்ணன் தங்கச்சி, மாத்திரையே தொடாதவங்க, அவங்களுக்கும் சுகர் கூடுதலா இருக்கறதைப் பாத்திருக்காங்க. பரம்பரையா வர்றதுல சில கூறுகள் ரெண்டு வியாதிக்கும் பொதுவா இருக்கலாம்னு ஆராய்ச்சி சொல்லுது. ஒரு மரபணுவைக் காட்டி இதுதான்னு சொல்ல முடியாது. சாப்பாடு, கவலை, வாழ்ற விதம் எல்லாம் சேரும். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுச் சொத்துல பங்கு வந்திருக்கு சார். பங்குதான் வேற வேற."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "இவளுக்கு வந்ததை நாங்க வெளிய சொல்லாம வச்சிருந்தோம் மேடம். எனக்கு வந்ததை ஊரெல்லாம் சொன்னோம்" என்றார்.

டாக்டர் மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார். பேனாவை மூடிவிட்டு என்னைக் கேட்டார். "உங்க ரத்தம் பாத்தாச்சாம்மா?"

ஜூன் 28, வெள்ளி

முழு மாத்திரை கொடுக்கிறேன். சுகர் மாத்திரையும். இவர் எதிரே நின்று பார்க்கிறார், நான் கொடுக்கிறேனா என்று.

இருபத்தைந்து வருஷம் இந்த வீட்டில் சோறாக்கிப் போட்டிருக்கிறேன். அதை யாரும் நின்று பார்க்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

சுகர் வியாதிக்காரர்களின் குடும்பம் என்று தெரிந்தேதான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அதில் ஒரு குறைவும் இல்லை, நாலு பேர் முன்னால் சொல்லலாம். தொழிலில் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கெல்லாம் இருக்கிறது. மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்ததை யாராவது அன்றைக்குச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் அப்பா இந்த வீட்டுப் படியை மிதித்திருப்பாரா? இப்போது இரண்டும் ஒரே ரத்தத்தில் வருவதாம். நான் என்ன சுகருக்கு மட்டும் கழுத்தை நீட்டினேனா?

ஜூலை 7, ஞாயிறு

செண்பகத்தை ஹோமில் விட்டுவரலாம் என்று முடிவாயிற்று. நான்தான் சொன்னேன். அங்கே வேளாவேளைக்குப் பார்த்துக்கொள்வார்கள். டயாலிசிஸ், சமையல், இவள் என்று என்னால் தனியாக முடியாது. யார் வந்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

காரில் இவர் முன்னால், நாங்கள் பின்னால். விருதுநகர் தாண்டியதும் செண்பகம் என் பக்கம் திரும்பி, "மைனி, ஒங்க ரத்தம் என்ன குரூப்?" என்று கேட்டாள். குசும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வெயில் பின் சீட்டில் நேராக அடித்தது. டிரைவரிடம் ஏசியைக் கூட்டச் சொன்னேன்.

சிஸ்டர் புஷ்பராணி வாசலிலேயே செண்பகத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். இரண்டு சேலையையும் எங்கள் காரிலேயே மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜூலை 8, திங்கள்

இவர் பேசவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

டயாலிசிஸ். பேசவில்லை. அவரைக்காய்.

ஜூலை 16, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, எனக்குப் பரிசோதனை எப்போது என்று. நாளைக்கு ஆடி பிறக்கிறது, ஆடி முடியட்டும் என்றேன். அந்தப் பெண் சரி என்று வைத்துவிட்டாள். ஆடியில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நித்யா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். இவர் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். இருபத்து மூன்று வயதுவரை அவளுக்கு அத்தை கோயமுத்தூரில்தான் இருந்தாள்.

அடுக்களையில் வந்து மேடையில் சாய்ந்து நின்றாள். "எனக்கும் வருமா?"

"எது?"

"ரெண்டும்தான்."

"அதெல்லாம் அப்பா வழியில வர்றது. நம்ம பக்கம் யாருக்கும் ஒண்ணும் கிடையாது."

"நான் அப்பா வழிதானம்மா" என்றாள்.

ஒருத்தர் வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் வரும் என்றில்லை, வராமலும் போகும், டாக்டரே சொன்னார் என்றேன். டாக்டர் அப்படிச் சொன்னாரா என்று நினைவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"தெரிஞ்சிருந்தா நான் முன்னாடியே சுகர் பாத்திருப்பேன். காலேஜ்ல ஒரு வருஷம் தூங்காம அழுதுக்கிட்டே இருந்தேனே, யார்கிட்டயாவது காட்டியிருப்பேன். நீங்க பரீட்சை பயம்னு விபூதி பூசிவிட்டீங்க."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அப்பாவுக்கு நீங்க டெஸ்ட் எடுக்கலைன்னா நான் எடுக்கேன். லீவு சொல்லிட்டுதான் வந்திருக்கேன்."

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆடி முடிந்தது. போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பெற்ற பெண்ணை மேஜையில் படுக்கவைக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்?

ஓ பாசிட்டிவ். நித்யா பிறந்தபோது சொன்ன அதே பிரிவுதான். ஓ யாருக்கும் கொடுக்கலாம். சுகர் இல்லை, பிரஷர் இல்லை. மற்றப் பரிசோதனைகளுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் இவர் வராந்தாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"என்னங்க, என்னோடது சேருமாம். டாக்டர் நம்பிக்கையா சொல்லுதாங்க."

"வேண்டாம் பிரமு."

"வேண்டாம்னா?"

"நீ கொடுத்ததை வயித்துல வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் ஒன் முகத்தைப் பாக்கணும்? எனக்கு மிஷினே போதும். அது ஒண்ணும் சொல்லிக்காட்டாது."

நான் ஒருநாளும் எதையும் சொல்லிக்காட்டியவள் இல்லை. அதைச் சொன்னேன். இவர் பேப்பரை மடித்தார்.

"செண்பகத்தைக் கூட்டிட்டு வந்துருவோம். ஹோமுக்குப் பேசு."

"வந்து?"

"வந்து இருக்கட்டும். அவளுக்கும் சுகர், எனக்கும் சுகர். கேக்கறவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிருவோம். நித்யாவுக்கு வர்ற மாப்பிள்ளை வீட்டுலயும் சொல்லிருவோம். போறவன் போகட்டும்."

ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் பீரோவில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது? இந்த வீட்டில் நான் கொடுக்கத் தயாராகிற அன்றைக்கு வாங்க ஆளில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

இவரை டயாலிசிஸுக்கு அனுப்பிவிட்டு ஹோமுக்குப் போன் செய்தேன். சிஸ்டர் புஷ்பராணி, செண்பகம் இப்போது நன்றாகத் தூங்குகிறாள், சர்க்கரையும் குறைந்திருக்கிறது என்றார். கூட்டிப்போக வருகிறோம் என்றதும், அவளிடமே சொல்லுங்கள் என்று போனைக் கொடுத்தார்.

"செண்பகம், மைனி பேசுதேன். அண்ணன் உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க. நாங்க ஞாயித்துக்கிழமை வாரோம்" என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"இந்தத் தடவை என்னத்துக்கு மைனி?" என்றாள்.